அப்பா கால்ல ஏறுன கருவ முள்ளு

இத எழுதணும்னு ரெண்டு வருசமா நெனச்சுக்கிட்டே இருக்கேன், ஒவ்வொரு தடவயும் ஆரம்பிச்சு பாதியில நிறுத்திருவேன். போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப எங்க தெரு அண்ணன் ஒருத்தர் மண்வெட்டி பட்டு கால் பெருவிரல நல்லா வெட்டிக்கிட்டு வந்து நிக்குறாரு, காயத்துல காபித்தூள அள்ளி அப்பி மேல பழைய வேட்டித் துணிய சுத்திக் கட்டியிருக்காங்க. டெட்டனஸ் வராம இருக்க டிடி ஊசி போட்டீங்களாண்ணேன்னு கேட்டா "மண்வெட்டி புதுசும்மா, துருவே இல்ல"ங்குறாரு. எங்க அப்பாவுக்கு நடந்தது அந்தத் தெரு முழுக்க தெரியும், இவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தவரு தான். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, அதான் எழுதிட்டேன்.

எங்க ஊரு சிவகங்கை மாவட்டம், இளையான்குடி பக்கம். வானம் பாத்த பூமி. சீமக்கருவ தான் எங்களுக்கு காடு, வேலி, விறகு எல்லாமே, மூட்டம் போட்டு கரி எடுத்து பொழைக்கிற குடும்பம் நெறைய உண்டு. 2022 புரட்டாசியில விதைப்புக்கு முன்னாடி வயல சுத்தி மண்டிக் கெடந்த கருவய அப்பா வெட்டிக்கிட்டு இருந்தாரு. அந்த வயல்ல ஒரு மாசம் முன்ன தான் கீதாரிய வரச் சொல்லி ஆட்டுக்கிடை போட்டிருந்தோம், மண்ணு பூராம் புழுக்கை. வெட்டிப் போட்ட கொப்புல கால வச்சிருக்காரு, முள்ளு ரப்பர் செருப்ப துளைச்சுக்கிட்டு குதிகால்ல ஏறிருச்சு. புடுங்கிப் போட்டுட்டு வேலைய பாத்திருக்காரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முள்வாங்கியால கொஞ்ச நேரம் நோண்டிப் பாத்துட்டு எருக்கம்பால் ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டாரு, எங்க பக்கம் எல்லாரும் செய்யுறது தான் இது. நாலு நாள்ல மேல தோல் மூடிருச்சு, வலியும் இல்ல. அவருக்கே மறந்து போச்சு. முள்ளோட நுனி ஒடஞ்சு உள்ளயே நின்னுருக்குங்குறது பின்னாடி ஆஸ்பத்திரியில கிழிச்சுப் பாத்தப்ப தான் தெரிஞ்சுச்சு.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, நான் மதுரையிலேருந்து லீவுக்கு வந்திருந்தேன். காலையில டீய குடிச்சுட்டாரு, இட்லிய வாய்க்குள்ள வைக்க முடியல. தாடை இறுக்கமா இருக்குத்தா, கடவாப்பல்லு வலி போலன்னு கன்னத்த தேச்சுக்கிட்டே இருந்தாரு. எங்க அப்பத்தாவுக்கு அப்பவே எண்பத தாண்டிருச்சு, திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தது "ஏய்யா ஒனக்கு வாய் கட்டுதா, என் புள்ளைகளுக்கும் இப்புடித்தான் கட்டுச்சு"ன்னு சொல்லுச்சு. நான் காதுலயே வாங்கல. வயசானவங்க ஏதோ பழசப் பேசுறாங்கன்னு நெனச்சேன். அந்த ஒரு வாக்கியத்த நான் கேட்டிருந்தா ரெண்டு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு போயிருப்போம், இன்னும் அது மனசுல உறுத்திக்கிட்டே தான் இருக்கு.

பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். வாய் தொறக்க முடியாததால வெளியில இருந்தே எக்ஸ்ரே எடுத்துட்டு கடைசிப் பல்லு கோணலா இருக்குன்னு வலி மாத்திரை குடுத்து அனுப்புனாங்க. இந்த நோய இப்பல்லாம் கண்ணால பாத்த டாக்டர் கம்மி, அதுவும் தாடை வலின்னு வர்றவங்கள்ல ஆயிரத்துல ஒருத்தருக்கு கூட இது இருக்காது, அதனால அவங்க மேல எனக்கு கோவம் இல்ல. ஞாயித்துக்கிழமை கழுத்த திருப்ப முடியல, முதுகு வலின்னாரு, அம்மா தைலம் தேக்கும்போது வயித்த தொட்டுட்டு "என்னங்க பலகை மாதிரி இருக்கு"ன்னாங்க. திங்கக்கிழமை விடியக்காலையில தம்பி லைட்ட போட்டுட்டு "என்னப்பா சிரிக்கிற"ன்னு கேட்டான். அவரு சிரிக்கல. முகத்துல இருக்க சதையெல்லாம் இழுத்து புருவம் மேல ஏறி, வாயோட ரெண்டு ஓரமும் விரிஞ்சு பல்லு கடிச்ச மாதிரி நின்னுருச்சு. அந்த முகம் எனக்கு இன்னமும் கனவுல வருது.

மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம். டியூட்டியில இருந்தது சின்ன வயசு டாக்டர் தான், அவரு ஒரு மரக் குச்சிய பல்லு இடுக்கு வழியா விட்டு தொண்டையோட பின்பக்கம் லேசா தொட்டாரு. நமக்கெல்லாம் அப்படித் தொட்டா குமட்டும். அப்பாவுக்கு குமட்டல, தாடை இன்னும் இறுக்கிக் குச்சிய கடிச்சுக்கிச்சு. டாக்டர் ஒடனே கேட்ட கேள்வி, "இந்த மாசத்துல எங்கயாச்சும் காயம் பட்டுச்சா?" பல்லக் கடிச்சுக்கிட்டே அப்பா சொன்னாரு, முள்ளு. அதோட முடிஞ்சுது, ரத்தப் பரிசோதனைன்னு எதுவும் தேவைப்படல, இந்த நோய உறுதி பண்ண அப்படி ஒரு டெஸ்ட்டே கிடையாது, ஆளப் பாத்து தான் சொல்லணும். டெட்டனஸ். பள்ளிக்கூட புத்தகத்துல ரணஜன்னின்னு படிச்சோமே, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, முத்தடுப்பு ஊசின்னு மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்குனோமே, அதே தான்.

ஐசியூவுல ஒரு ஓரமா இருட்டா ஒரு ரூம்ல போட்டாங்க. ஜன்னல்ல கறுப்புத் துணி. செருப்ப கழட்டிட்டு தான் போகணும், பேசக்கூடாது, தொடணும்னாலும் நர்ஸ கேட்டுட்டுத் தான் தொடணும். ஏன்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. வெளிய வராண்டாவுல யாரோ ஒரு எவர்சில்வர் தட்ட கீழ போட்டாங்க, அந்த சத்தத்துக்கு அப்பா ஒடம்பு வில்லு மாதிரி வளைஞ்சுருச்சு, பின்மண்டையும் குதிகாலும் மட்டும் தான் கட்டில்ல படுது, மூச்சு நின்னு ஒதடு நீலம் பாய்ஞ்சிருச்சு. ஒரு நிமிசம் கூட இருக்காது. சத்தம், வெளிச்சம், காத்து, தொடுறது எதுனாலும் இது வரும், எலும்பே முறியுற அளவுக்கு வரும்னு சொன்னாங்க. இதுல கொடுமை என்னன்னா அவ்வளவு நேரமும் நினைவு தெளிவா இருக்கும். பின்னாடி அப்பா சொன்னாரு, "எல்லாந் தெரிஞ்சுச்சுத்தா, நீ அழுததும் தெரிஞ்சுச்சு, அழாதன்னு சொல்ல வாய் வரல."

மூணாம் நாள் தொண்டையில ஓட்ட போட்டு டியூப் வச்சு வென்டிலேட்டர்ல போட்டாங்க. பத்தொன்பது நாள் மெஷின்ல இருந்தாரு.

அந்த பத்தொன்பது நாளும் வராண்டாவுல உக்காந்து டாக்டர்கள கேட்டும் படிச்சும் நான் தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன். இந்தக் கிருமி மண்ணுல இருக்கு, ஆடு மாடு குதிரை சாணியில இருக்கு, விதை மாதிரி கெட்டி ஓட்டுக்குள்ள வருசக்கணக்கா உசுரோட கெடக்கும், கொதிக்கிற தண்ணியில சில நிமிசம் போட்டாலும் சாகாது. ஆனா காத்து இருக்க எடத்துல அதால வளர முடியாது. ஆழமா ஒரு காயம், உள்ள மண்ணோட ஒரு முள்ளுத் துண்டு, மேல தோல் மூடிருச்சுன்னா அதுக்கு அத விட நல்ல எடம் வேற இல்ல. நாம "நல்லா ஆறிருச்சு"ன்னு சந்தோசப்பட்ட அந்த நாலு நாள்ல தான் அது உள்ள முளைச்சிருக்கு. துருவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. துருப்பிடிச்ச ஆணி மண்ணுல கெடக்கும், குத்துனா ஆழமா குத்தும், அதனால அதுக்கு அந்தப் பேரு வந்துச்சு. புது ஆணி, கருவ முள்ளு, நாய்க்கடி, தீக்காயம், சுகர்காரங்க கால்ல ஆறாம கெடக்குற புண்ணு, சின்னப் பிள்ளைங்களுக்கு சீழ் வடியுற காது, இது எல்லாமே வாசல் தான். காயத்துல நாம அப்புற காபித்தூள், சாம்பல், சாணி, மண்ணு, இதெல்லாம் கிருமிய நாமளே கொண்டுபோய் உள்ள விட்டு மூடி போடுற வேலை. சோப்பும் ஓடுற தண்ணியும் போதும், நல்லா நேரம் எடுத்துக் கழுவணும்.

கிருமி காயத்த விட்டு எங்கயும் போறதில்ல, அது விடுற விஷம் தான் நரம்பு வழியா தண்டுவடத்துக்கு ஏறுது. ஒரு சதைய இழுன்னு சொல்றதுக்கு நரம்பு இருக்க மாதிரி, போதும் விடுன்னு தடுக்குறதுக்கும் நரம்பு இருக்கு, இந்த விஷம் தடுக்குற வேலைய நிறுத்திருது. அப்புறம் எல்லா சதையும் ஒரே நேரத்துல இழுக்க ஆரம்பிச்சுரும், தாடையில ஆரம்பிச்சு கீழ எறங்கும். நரம்புல ஏறிப் பிடிச்ச விஷத்த எடுக்க இன்னைக்கு வரைக்கும் மருந்து கிடையாது. அப்பாவுக்குப் போட்ட இம்யூனோகுளோபுலின் ஊசி, இன்னும் நரம்புக்குள்ள போகாம வெளிய சுத்துற விஷத்த மட்டும் தான் புடிக்கும். மத்ததெல்லாம், சதைய தளர்த்துற மருந்தும் மெக்னீசியமும் வென்டிலேட்டரும், நரம்பு தானா சரியாகுற வரைக்கும் ஆள உசுரோட வச்சிருக்குற வேலை தான், அதுக்கு வாரக்கணக்கா ஆகும். எங்களுக்கு நாப்பத்தோரு நாள். பக்கத்து பெட்ல இருந்த ஒரு தாத்தா பதினோராம் நாள் போயிட்டாரு, அவருக்கு காயம் எங்கன்னே கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல.

ஒரு நாள் ரவுண்ட்ஸ் முடிஞ்சு பெரிய டாக்டரம்மா எங்கிட்ட வீட்ல யார் யாருக்கு டிடி போட்டிருக்குன்னு கேட்டாங்க. எனக்கும் தம்பிக்கும் சின்ன வயசுல போட்டது, பள்ளிக்கூடத்துல போட்டது. அம்மாவுக்கு ரெண்டு பிரசவத்துக்கும் போட்டது. அப்பாவுக்கு? அம்மாவ கேட்டேன், "அவருக்கு எதுக்கு போடணும், அவரு என்ன புள்ளத்தாச்சியா"ன்னாங்க. அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. அப்பா 1960ல பொறந்தவரு. நம்ம நாட்டுல குழந்தைங்களுக்கு தடுப்பூசி திட்டம் ஆரம்பிச்சதே 1978ல, கர்ப்பிணிகளுக்கு டிடி அதுல சேந்தது 1983ல, எல்லா மாவட்டத்துக்கும் கொண்டு போற திட்டம் 1985ல. இவரு வயசு ஆம்பளைங்க இந்த மூணுக்கும் வெளிய நின்னுட்டாங்க, குழந்தையா இருந்தப்ப ஊசி இல்ல, ஊசி வந்தப்ப இவங்க குழந்தை இல்ல, கர்ப்பமாகவும் போறதில்ல. ஆனா காட்டுலயும் வயல்லயும் வெறுங்காலோட நிக்குறது அவங்க தான். உங்க வீட்டுலயும் அப்பா, பெரியப்பா, தாத்தா யாராச்சும் இருப்பாங்க, அவங்கள இன்னைக்கே கேளுங்க, கடைசியா எப்ப போட்டீங்கன்னு. முக்காவாசிப் பேரு முழிப்பாங்க.

இதுல இன்னொன்னும் இருக்கு. கொரோனாவோ அம்மையோ சுத்தி இருக்கவங்க எல்லாரும் ஊசி போட்டிருந்தா பரவுறது கொறையும், போடாதவனுக்கும் கொஞ்சம் காப்பு கெடைக்கும். இது ஆளுக்கு ஆளு பரவுற நோய் இல்ல, மண்ணுல இருந்து வர்றது. ஊர்ல ஆயிரம் பேரு போட்டிருந்தாலும் போடாத ஒருத்தருக்கு அது ஒரு பிரயோசனமும் இல்ல. மண்ணுல இருந்து இத ஒழிக்கவும் முடியாது.

அப்பத்தா கதைக்கு வர்றேன். அப்பாவுக்கு அடுத்து ரெண்டு புள்ளைங்க பொறந்து செத்துப்போச்சுன்னு எங்களுக்கு தெரியும், எப்படின்னு யாரும் சொன்னதில்ல. ஆஸ்பத்திரி மரத்தடியில உக்காந்து ஒரு மத்தியானம் அது சொல்லுச்சு. வீட்டுல தான் பிரசவம், மருத்துவச்சி வந்து கருக்கருவாளால தொப்புள்கொடிய அறுத்துட்டு அடுப்புச் சாம்பல அதுமேல அப்பிட்டுப் போயிருக்கா. புள்ள பொறந்து மூணு நாலு நாள் நல்லா பால் குடிச்சிருக்கு. அஞ்சாம் நாள் பாலுக்கு அழுகுது, ஆனா வாய் தொறக்க மாட்டேங்குது. மாரோட அணைச்சா ஒடம்பு வெறைக்குது. தாய்ப்பால சங்குல புடிச்சு ஊத்துனா வெளிய வழியுது. ஏழாம் நாள் போயிருச்சு. காத்துகருப்பு அடிச்சிருச்சுன்னாங்க. ரெண்டு வருசம் கழிச்சு அடுத்த புள்ளைக்கும் அதே தான், அதுக்கு அப்பத்தாவோட ராசியத்தான் குத்தம் சொல்லியிருக்காங்க. "எங்கிட்ட பால் இருந்துச்சுத்தா, அதுக்கு வாய் இல்ல"ன்னுச்சு. அறுபது வருசமா அதுக்கு அந்த நோயோட பேரு தெரியாது, ஆனா மகன் முகத்தப் பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருச்சு.

1988ல மட்டும் உலகத்துல 7,87,000 பச்சக்குழந்தைங்க இப்படி செத்திருக்கும்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. 2018ல அது 25,000. இந்தியாவுல ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஆயிரம் பிரசவத்துக்கு ஒண்ணுக்கும் கீழ கொண்டு வந்துட்டோம்னு 2015ல உறுதி பண்ணாங்க. அம்மாவுக்கு போடுற ஊசி தொப்புள்கொடி வழியா புள்ளைக்குப் போய் பொறந்ததும் காப்பாத்துது, அதோட ஆஸ்பத்திரி பிரசவம், புது பிளேடு, கொடியில எதையும் தடவாம விடுறது. கிராமத்து நர்ஸம்மாக்கள் வீடு வீடா நடந்து செஞ்ச வேலை இது, அவங்கள நாம ஒரு தடவ கூட நெனச்சுப் பாத்ததில்ல.

ஊசி பத்தி எங்கிட்ட எல்லாரும் கேக்குறதையும் சொல்லிடுறேன். "ஆறு மாசத்துக்கு தான் பவர்"னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு. முழுசா கோர்ஸ் போட்டவங்களுக்கு பத்து வருசத்துக்கு ஒரு பூஸ்டர் போதும், மண்ணு சாணி பட்ட காயம்னா கடைசி ஊசி போட்டு அஞ்சு வருசம் தாண்டியிருந்தா ஒண்ணு போடணும். குழந்தைங்களுக்கு ஆறு, பத்து, பதினாலு வாரத்துல போடுற பென்டாவேலன்ட்ல இது இருக்கு, அப்புறம் ஒன்றரை வயசுலயும் அஞ்சு வயசுலயும் பூஸ்டர், பத்து வயசு, பதினாறு வயசு. பள்ளிக்கூடத்துல போடும்போது காய்ச்சல் வரும்னு பிள்ளைய லீவு போட வைக்காதீங்க. வாழ்க்கையில ஒண்ணுமே போடாத பெரியவங்களுக்கு மூணு ஊசி, மொதல்ல ஒண்ணு, நாலு வாரம் கழிச்சு ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு ஒண்ணு. இப்ப வர்றது பழைய டிடி இல்ல, 2019லேருந்து தொண்டை அடைப்பானுக்கும் சேத்து போடுற ஊசி, தமிழ்ல எழுதுனா ரெண்டுக்கும் (TT, Td) பேரு டிடி தான் வருது, குழம்ப வேணாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

"காயம் பட்டா அப்ப போய் போட்டுக்கலாம்"னு இருக்கவங்களுக்கு ஒண்ணு. ஏற்கனவே போட்டவங்களுக்கு அந்த ஊசி பழைய காப்ப ஒடனே எழுப்பி விடும். ஒண்ணுமே போடாதவங்க ஒடம்பு புதுசா கத்துக்கணும், அதுக்கு நாளாகும், விஷம் அதுக்குள்ள முந்திரும், அதனால தான் அவங்களுக்கு இம்யூனோகுளோபுலினும் சேத்துப் போட வேண்டியிருக்கு. அப்பா மாதிரி முள்ளு குத்துனத மறந்தே போறவங்க அதுக்குக் கூட வரமாட்டாங்க. இருபத்திநாலு மணி நேரம் தாண்டிருச்சு இனி என்னத்துக்குன்னு விட்டுறவும் வேணாம், லேட்டானாலும் போங்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு அப்பாவுக்கு டிடி போட்டாங்க. அம்மாவுக்கு ஆச்சரியம், வந்துட்டுப் போன நோய்க்கு எதுக்கு ஊசின்னு. அம்மை மாதிரி ஒரு தடவ வந்தா மறுபடி வராதுங்குற கதை இதுல இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு ஆள கொல்ல இந்த விஷம் எவ்வளவு போதும்னா, ஒரு கிராம் எடைய பத்து லட்சம் பங்கா பிரிச்சு அதுல ஒரு பங்க மறுபடி அஞ்சாறா பிச்சா வர்ற அளவு. அவ்வளவு கொஞ்சத்த வச்சு ஒடம்பால எதையும் கத்துக்க முடியாது. ஊசியில இருக்க, கெடுதல் எடுத்த விஷத்த வச்சு தான் கத்துக்கும். அடுத்த முள்ளு குத்துனா மறுபடி மொதல்லேருந்து வரும்.

ரெண்டாவது ஊசிக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போனப்ப அப்பத்தாவும் "நானும் போட்டுக்குறேன்"னு ஆட்டோவுல ஏறிருச்சு. அப்பா மெதுவா ஊன்றுகோல் வச்சு நடந்தாரு, அப்ப இருபது கிலோ கொறஞ்சிருந்தாரு. நர்ஸம்மா ஊசிய எடுக்கும்போது அப்பத்தா கேட்டுச்சு, "இந்த ஊசி எந்தக் காலத்துல வந்துச்சு?" நர்ஸம்மா என்னைப் பாத்தாங்க. எனக்குத் தெரியும், வராண்டாவுல படிச்சிருந்தேன், 1890ல முயல் மாதிரி மிருகங்களோட ரத்தத்துலேருந்து மாத்து மருந்து எடுக்கலாம்னு கண்டுபிடிச்சுட்டாங்க, இந்த தடுப்பூசி 1920கள்லயே வந்தாச்சு. அப்பத்தாவோட புள்ளைங்க செத்தது 1963, 1965.

"ரொம்ப நாளாவே இருக்கு அப்பத்தா"ன்னேன்.

"நம்ம ஊருக்கு?"

"நம்ம ஊருக்கு வரல."

கொஞ்ச நேரம் அப்பாவோட காலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் முந்தானைய வெலக்கிட்டு, எந்தக் கையில போடணும்னு கேட்டு, கைய நீட்டுச்சு.